அம்பைத் தடுத்தவர்: கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜ்

முன்னுரை

கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்றான குண்டனி நாட்டில் பிறந்தவன் நான். எங்கள் மலைப் பிள்ளைகள் எழுத்தறியும் முன்பே அறிந்துகொள்ளும் கதை வல்வில் ஓரியின் கதை. அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் உடும்பின்மேல் சென்று தைத்தது என்று புறநானூறு பேசுகிறது. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆண்டுதோறும் ஆடித் திங்களில் விழாவும் உண்டு. அம்பை எய்தவனின் பெயர் இவ்வாறு காலத்தை வென்று நிற்கிறது. அம்பைத் தடுத்தவன் ஒருவனைப் புகழும் பாட்டை நான் கண்டதில்லை.

கால்பந்தாட்டத்திலும் இதே நிலைதான். கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறோம். கோலைத் தடுத்தவனை மறந்துவிடுகிறோம். தடுக்கத் தவறியவனை மட்டும் நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறோம். இந்த வழக்கு சரிதானா என்பதை இந்தியாவின் தலைசிறந்த கோல் காப்பாளராகப் போற்றப்படும் பீட்டர் தங்கராஜின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதத் தூண்டியது என் சொந்த அனுபவம். எங்கள் மலையில் சமதளம் அரிது. ஊர்ப் பிள்ளைகள் ஆடும் இடத்தில் பந்து கோலைத் தாண்டினால் சரிவில் உருண்டு காப்பித் தோட்டத்துக்குள் போய்விடும். தேடி எடுத்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே பந்தைப் போகவிடாமல் பிடிக்கத் தெரிந்த ஒருவன் கட்டாயம் வேண்டும். அப்படித்தான் நான் கோல் காப்பாளன் ஆனேன். கல்லூரி அணியிலும் அதே இடம் கிடைத்தது. சென்ற ஆண்டு, கல்லூரிகளுக்கிடையே நடந்த ஓர் ஆட்டம் முடிய ஐந்தே நிமிடங்கள் இருந்தபோது, எளிதாகப் பிடித்திருக்க வேண்டிய பந்து என் கைகளுக்கிடையே நழுவியது. தோற்றோம். திரும்பும் பேருந்தில் என்னிடம் யாரும் பேசவில்லை. ஆட்டத்தையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். மறுநாள் எங்கள் உடற்கல்வி இயக்குநர் என்னை அழைத்து, "தம்பி, விடுவதாக இருந்தால் விடு. ஆனால் அதற்கு முன் பீட்டர் தங்கராஜ் யார் என்று படித்துவிட்டு வா" என்றார். அப்படிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

காப்பாளரின் களம்

முதலில் கோல் காப்பாளரின் வேலை எத்தகையது என்பதைப் பார்ப்போம். கோலின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. அதாவது 192 சதுர அடி கொண்ட ஒரு வாயிலை ஒரே மனிதன் காக்க வேண்டும். பெனால்டி உதை 36 அடி தொலைவிலிருந்து அடிக்கப்படுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அத்தொலைவைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. பார்த்து, எண்ணி, பிறகு தாவ நேரம் இல்லை. முன்கூட்டியே சரியான இடத்தில் நிற்பதே இக்கலையின் பாதி.

இதைக் கணித மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். ஆட்டத்தின் ஓட்டத்தில் கோலுக்கு நேர் எதிரே 36 அடி தொலைவிலிருந்து ஒருவன் பந்தை அடிக்கப் போகிறான் என்று கொள்வோம். காப்பாளர் கோட்டிலேயே நின்றால் 24 அடி அகலத்தையும் காக்க வேண்டும். 12 அடி முன்னே வந்து நின்றால், வடிவொத்த முக்கோணங்களின் விதிப்படி, அவர் காக்க வேண்டிய அகலம் 16 அடியாகக் குறைந்துவிடும். 18 அடி முன்னே வந்தால் 12 அடி போதும். ஆனால் முன்னே வரவர, தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போடும் வாய்ப்பும் கூடுகிறது. எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்குவது என்னும் தீர்ப்பை ஒவ்வொரு கணமும் அவர் தனியாகவே செய்தாக வேண்டும்.

விதிகளும் காலந்தோறும் அவரது உரிமையைச் சுருக்கி வந்திருக்கின்றன. 1912 வரை காப்பாளர் தம் பாதி ஆடுகளம் முழுவதிலும் பந்தைக் கையாளலாம். பின்னர் அவ்வுரிமை பெனால்டி எல்லைக்குள் அடங்கியது. தம் அணியினர் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தைக் கையால் எடுக்கக்கூடாது என்னும் விதி 1992இல் வந்தது. பந்தை எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் உதை என்பது 2025இல் வந்த விதி. தங்கராஜ் ஆடிய காலத்தில் இந்தப் பிந்தைய விதிகள் இல்லை. ஆனால் இன்றுள்ள தடித்த ரப்பர் கையுறைகளும் இல்லை. மழையில் நனைந்தால் தோல்பந்து கல்லாய்க் கனக்கும். அதை வெறுங்கையாலோ சாதாரண உறையணிந்த கையாலோ பிடித்தாக வேண்டும்.

படைவீரர் காப்பாளரானது

பீட்டர் தங்கராஜ் 1935ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். இளமையில் செகந்திராபாத்தின் உள்ளூர்க் கழகங்களில் ஆடினார். 1953இல் இராணுவத்தில் சேர்ந்தார். அவர் ஆடிய அணி மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணி. அம்மையம் இருப்பது நீலகிரியின் வெலிங்டனில். ஆக, இந்தியாவின் பெருங்காப்பாளர் ஒருவர் உருவானதில் நம் தமிழ்நாட்டு மலை ஒன்றுக்கும் பங்கு உண்டு. மலையில் பிறந்த எனக்கு இச்செய்தி தந்த மகிழ்ச்சி சொல்லில் அடங்காது.

இங்கு கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவர் தொடக்கத்தில் காப்பாளர் அல்லர். கோல் அடிக்கும் நடு முன்னணி ஆட்டக்காரர். பிறகே கோல் காக்கும் இடத்துக்கு மாற்றப்பட்டார். அம்பு எய்தவர் அம்பைத் தடுக்கப் போனார் எனலாம். எய்பவனின் கண் எங்கே போகும், கால் எப்படித் திரும்பும் என்பதை உள்ளிருந்தே அறிந்தவருக்கு இந்த இடமாற்றம் இழப்பாக இருந்திராது. ஊதியமாகவே இருந்திருக்கும் என்பது என் கருத்து. ஆறடிக்கும் மேற்பட்ட உயரமும் நீண்ட கைகளும் அவருக்கு இயற்கை தந்த கொடைகள்.

அவர் காத்து நின்ற அந்தப் படை அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியில் எஸ்.எஸ். நாராயணனோடு தங்கராஜும் காப்பாளராக இடம்பெற்றார். அவ்வணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதியை அடைந்து, நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி வரை சென்ற முதல் ஆசிய நாடு இந்தியாவே. 1958இல் ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளர் என்னும் பெருமை தங்கராஜுக்குக் கிடைத்தது. 1960இல் ரோம் ஒலிம்பிக் அணியிலும் அவர் இருந்தார்.

ஜகார்த்தாவில் ஒரு மாலை

தங்கராஜின் வாழ்வில் தலையாய நாள் 1962 செப்டம்பர் 4. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதியாட்டம். இந்தியாவுக்குப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். தலைவர் சுனி கோஸ்வாமி. எதிரணி தென்கொரியா. தொடரின் முதல் ஆட்டத்திலேயே இந்தியாவை 2-0 என்று தோற்கடித்த அணி அது.

அன்று அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராக முழங்கிக்கொண்டிருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா விலக்கி வைத்ததைக் குறித்து இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி கேள்வி எழுப்பியதே அந்தச் சினத்துக்குக் காரணம். அணிக்குள்ளும் இடர் இருந்தது. ஜர்னைல் சிங் தலையில் தையலோடு ஆடினார். தங்கராஜோ காய்ச்சலில் படுத்திருந்தவர். இடையில் கோலைக் காத்தவர் பிரத்யுத் பர்மன். இறுதியாட்டத்துக்கு ரஹீம் மீண்டும் தங்கராஜையே களமிறக்கினார்.

இந்த முடிவை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. மற்ற இடங்களில் ஆடுவோர் பலர்; காப்பாளர் இடம் ஒன்றே ஒன்று. ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே உட்கார வேண்டும். அணியை முன்னே கொண்டுவந்த பர்மன் அன்று வெளியே இருந்தார். நோயிலிருந்து எழுந்து வந்தவர் உள்ளே இருந்தார். அன்று தவறியிருந்தால் பழி முழுவதும் தங்கராஜின் தலையில்தான் விழுந்திருக்கும்.

பி.கே. பானர்ஜி ஒரு கோல் அடித்தார். ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். ஆட்டம் முடிய ஐந்து நிமிடங்களே இருக்கையில் தென்கொரியா ஒரு கோல் போட்டது. ஆம், தங்கராஜும் ஒரு கோல் விட்டார். நான் விட்ட அதே கடைசி ஐந்து நிமிடத்தில். வேறுபாடு அதற்குப் பின்னால் இருக்கிறது. இன்னொரு கோல் விழுந்திருந்தால் ஆட்டம் சமனாகியிருக்கும். கூட்டம் ஆர்ப்பரிக்க, கொரியர் பாய்ந்து வர, எஞ்சிய நிமிடங்களில் கோல் விழவில்லை. 2-1. தங்கம் இந்தியாவுக்கு. அதன்பின் இன்றுவரை ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதில்லை.

நானோ, கோல் விழுந்த பிறகு எஞ்சிய ஐந்து நிமிடமும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் உண்மையான பிழை பந்து நழுவியது அன்று. அதற்குப் பின் நான் நின்ற நிலையே என்பதை இந்த ஆட்டத்தின் வரலாறு எனக்கு உணர்த்தியது.

இங்கிலாந்தில் ஒருவர்

தங்கராஜின் காலத்திலேயே இங்கிலாந்தில் வாழ்ந்தவர் கார்டன் பேங்க்ஸ். 1937இல் ஷெஃபீல்டில் பிறந்தவர். இளமையில் நிலக்கரி மூட்டை கட்டினார். கொத்து வேலை பழகினார். பின்னர் கால்பந்தையே தொழிலாகக் கொண்டு செஸ்டர்ஃபீல்டு, லெஸ்டர் சிட்டி, ஸ்டோக் சிட்டி ஆகிய கழகங்களுக்கு ஆடினார். நாட்டுக்காக 73 ஆட்டங்கள் ஆடி, 1966இல் உலகக் கோப்பையையும் வென்றார். ஆங்கில நாட்டில் கால்பந்து முழுநேரத் தொழில். ஆயினும் 1961 வரை ஓர் ஆட்டக்காரருக்கு வாரம் 20 பவுனுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று வரம்பிருந்தது. நம் நாட்டிலோ ஆட்டக்காரரின் சோறு இராணுவம், இரயில்வே, வங்கி முதலியவற்றின் வேலையிலிருந்தே வந்தது. தொழில்முறை அங்கே, உத்தியோகம் இங்கே. கோலின் 24 அடி மட்டும் இரு நாட்டிலும் ஒன்றே.

1970 ஜூன் 7 அன்று மெக்சிகோவின் குவாதலஹாராவில், பெலே தலையால் முட்டிக் கீழ்நோக்கி அனுப்பிய பந்தைப் பேங்க்ஸ் பாய்ந்து மேலே தட்டிவிட்டார். கால்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த தடுப்பு என்று அதனை இன்றும் கூறுவர். ஆனால் அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து பிரேசிலிடம் 1-0 என்று தோற்றது என்பதைப் பலர் நினைப்பதில்லை. ஒருவரின் மிகச் சிறந்த தடுப்பு தோற்ற ஆட்டத்தில் நிகழ்ந்தது. மற்றவரின் மிகப் பெரிய வெற்றி கோல் விட்ட ஆட்டத்தில் கிடைத்தது. ஆகவே காப்பாளரின் தகுதியை கோல் கணக்கால் மட்டும் அளக்கலாகாது என்பது தெளிவாகிறது.

1972இல் மோட்டார் விபத்தில் பேங்க்ஸ் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அதன்பிறகும் அமெரிக்கா சென்று ஒற்றைக் கண்ணோடு கோல் காத்தார். 2019இல் மறைந்தார்.

பிற்காலமும் பெயரும்

தங்கராஜ் படையை விட்டு வந்தபின் கல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்றுக்கும் ஆடினார். ஒன்றுக்கொன்று பரம வைரிகளான மூன்று கழகங்களும் ஒருவரையே தம் வாயிலில் நிறுத்த விரும்பின என்றால் அதைவிடப் பெரிய நற்சான்று வேண்டுவதில்லை. 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பயிற்சியாளராகப் பணிபுரிந்தார். 2008 நவம்பர் 24 அன்று பொகாரோவில் காலமானார். ரஹீமையும் ஜகார்த்தா வெற்றியையும் பற்றி 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படம் 2024இல் வெளிவந்தது. அதைப் பார்த்த பிறகே தங்கராஜின் பெயரை அறிந்ததாக என் வகுப்புத் தோழர்கள் பலர் கூறினர்.

இந்தப் புறக்கணிப்பு நம் நாட்டில் மட்டும் உள்ளதன்று. ஐரோப்பாவின் உயரிய விருதான தங்கப்பந்து 1956 முதல் வழங்கப்பட்டு வருகிறது. ஆடவருக்கான அவ்விருதைப் பெற்ற ஒரே காப்பாளர் 1963இல் வென்ற ருஷ்ய நாட்டு லெவ் யாஷின் மட்டுமே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் அறியக்கிடப்பன யாவை? காப்பாளரின் வாழ்க்கை பெரும்பாலும் காத்திருத்தல். சிறிது நேரமே செயல். அவரது வெற்றி 'ஒன்றும் நிகழவில்லை' என்பதாகவே தோன்றும். அவரது தவறோ பலகையில் எண்ணாக எழுதப்படும். அத்தகைய இடத்தில் நிற்பவனுக்கு வேண்டிய முதல் தகுதி தவறாமை அன்று. தவறிய பின்னும் அடுத்த பந்துக்காக நிமிர்ந்து நிற்பதே. தேர்வில் ஒரு தாள் தவறிய மாணவ நண்பர்களுக்கும் இது பொருந்தும் என்று துணிந்து கூறுவேன்.

உடற்கல்வி இயக்குநரிடம் சென்று, படித்துவிட்டேன் என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பந்துப் பையை எடுத்துத் தந்தார். இந்த ஆண்டும் கல்லூரி அணிக்கு நான்தான் கோல் காக்கிறேன். இரண்டு கோல்கள் விட்டிருக்கிறேன்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அதே சரிவுக்கு முன்னால் ஒரு சிறுவன் தனியாக நின்றுகொண்டிருந்தான். எல்லாரும் கோல் அடிக்கவே விரும்புகிறார்கள், இவனை மட்டும் இங்கே நிறுத்திவிட்டார்கள் என்று முகம் வாடியிருந்தான். அவனருகில் அமர்ந்து, ஓரியின் கதையைச் சொல்லாமல், தங்கராஜின் கதையைச் சொன்னேன்.