தேங்காய் நாரும் களிமண்ணும்: வகுப்பறையில் ஒரு கட்டுமானச் சோதனை

"மண் வீட்டில் இருப்பவர்கள் கை தூக்குங்கள்" என்று சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை. இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கேட்ட விதம் தவறு என்று அப்போதுதான் புரிந்தது. இந்த ஆண்டு அதே பாடத்தைச் செயல்பாடாகத் தொடங்கினேன்.

நோக்கம்

இரு வேறு பொருள்கள் சேர்ந்து, தனித்தனியே இல்லாத பண்பைத் தருவதே கம்போசிட் எனப்படும் கூட்டுப்பொருள். மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. நார் இழுவிசையைத் தாங்கும். இதை மாணவர்கள் கையால் உணர வேண்டும்.

செய்முறை

களிமண் கலந்த மண் 1 கிலோ, தேங்காய் நார் 10 கிராம், ஒரே அளவுள்ள மர அச்சுகள் போதும். ஒரு கட்டி நார் கலந்தும் மற்றொன்று நார் இல்லாமலும் செய்து, பத்து நாள் நிழலில் உலர்த்த வேண்டும். பிறகு கட்டியின் இரு முனைகளையும் இரண்டு செங்கற்கள் மேல் வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, குவளை குவளையாக நீர் ஊற்ற வேண்டும். கால்களை விலக்கி நிற்கச் சொல்லுங்கள்.

எங்கள் முதல் முயற்சி தோற்றது. நார் பந்துபோலச் சுருண்டு, அந்த இடத்திலேயே கட்டி உடைந்தது. அதுவரை பேசாமல் இருந்த மாணவன் சொன்னான்: "சார், எங்க வீட்டுச் சுவருக்கு வைக்கோலை வெட்டித்தான் போடுவாங்க. கொஞ்சம் கொஞ்சமா தூவி மிதிக்கணும்." நாரை இரண்டு விரற்கடை நீளத்துக்கு வெட்டி, அவன் சொன்னபடியே தூவி மிதித்தோம். இம்முறை நார் இல்லாத கட்டி பட்டென்று இரண்டானது. நார் கலந்தது விரிசல் விட்டும் பிரியாமல் தொங்கியது. அன்று வகுப்புக்கு அவன்தான் ஆசிரியர்.

கார்பன் கணக்கு

நார் முழுவதும் செல்லுலோஸ் என்றே வைத்துக்கொள்வோம். அதன் ஓர் அலகின் நிறை 162. அதிலுள்ள 6 கார்பன் அணுக்களும் காற்றிலிருந்த 6 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளிலிருந்து வந்தவை. அவற்றின் நிறை 264. எனவே 10 கிராம் நாரில் அடங்கியிருப்பது சுமார் 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு.

உறுதிக்காக 50 கிராம் சிமெண்ட் சேர்த்தால்? 100 கிராம் கால்சியம் கார்பனேட் சூடேறிச் சிதையும்போதே 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். எரிபொருளின் புகை தனி. 50 கிராம் சிமெண்டுக்கு ஏறத்தாழ 30 முதல் 45 கிராம் ஆகிறது. நார் சேமித்ததைவிட இது அதிகம். ஆகவே நார் கலந்ததாலேயே ஒரு பொருள் 'பசுமை' ஆகிவிடாது. சிமெண்டையும் சூளையையும் எவ்வளவு தவிர்க்கிறோம் என்பதே பெரிய கணக்கு.

கலந்துரையாடலுக்கு

தாவரப் பொருளுக்கு எல்லைகளும் உண்டு. தேங்காய் நாரில் லிக்னின் அதிகம் என்பதால் எளிதில் மக்காது. ஆனாலும் ஈரம் அதன் எதிரி. மக்கினாலோ எரிந்தாலோ சேமித்த கார்பன் காற்றுக்கே திரும்பும். பிரான்சில் ஹெம்ப் செடியின் தண்டுச் சக்கையைச் சுண்ணாம்புடன் கலந்து சுவர் எழுப்புகிறார்கள். அச்சுவர் வெப்பத்தைத் தடுக்கும். கூரையின் சுமையைத் தாங்குவது மரச்சட்டமே. "உயரமான திண்ணையும் நீண்ட தாழ்வாரமும் மண் சுவரை எப்படிக் காத்தன?" என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊரில் கிடைப்பது கரும்புச் சக்கையோ பனைநாரோ வைக்கோலோ, அதைக் கொண்டே செய்யலாம். "யார் வீடு மண் வீடு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "மண் சுவர் வைக்கத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் யார்?" என்று கேளுங்கள். இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் ஒன்பது கைகள் உயர்ந்தன.