இயந்திரம் பெயர் பெற்ற கதை



நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இம்முறை சுஜாதாவின் இரண்டு அறிவியல் நாவல்களைப் பாடமாக எடுத்துக்கொண்டேன். ஒன்று ‘என் இனிய இயந்திரா’. மற்றது அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’. இரண்டும் 1980களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தவை. அப்போது நாங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருந்தோம். பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போய்வந்த மாமா கொண்டுவரும் ஒரே பிரதியை நான்கு வீட்டார் படிப்போம்.

முதல் நாவலின் தலைவி நிலா. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் எதிர்கால நாட்டில், காணாமல் போன கணவன் சிபியைத் தேடுகிறாள். அவள் வீட்டில் தங்க வரும் ரவியின் வளர்ப்புப் பிராணிதான் ஜீனோ என்னும் இயந்திர நாய். பேசும், படிக்கும். ஆனாலும் அங்கே அது துணைப் பாத்திரமே. இரண்டாம் நாவலில் நிலா பெயருக்கு அரசி. அதிகாரமோ ரவி, மனோ கையில். அவளுக்காகப் போராடும் பொறுப்பு ஜீனோவிடம் வருகிறது. கதையின் நடுவிடமும் அதற்கே.

துணைப் பாத்திரம் தலைமை ஏற்பது தமிழுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் மாதவியின் மகளாக மட்டும் வரும் மணிமேகலை, சாத்தனாரிடம் ஒரு காப்பியத்தின் தலைவியானாள். சித்ரா பௌர்ணமிக்குக் குமுளி வழியாக மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போகிறவர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இப்படிப்பட்ட மாற்றம் வெற்றி பெற என்ன வேண்டும்? அந்தப் பாத்திரத்துக்குச் சொந்தமாக ஓர் ஆசை வேண்டும். பிறர் சொன்னதைச் செய்துகொண்டிருக்கும்வரை அது துணைதான். கட்டளைக்காகச் செய்யப்பட்ட ஜீனோ, படித்துப் படித்துத் தானாகச் சிந்திக்கத் தொடங்குகிறது. அந்த இடத்தில்தான் அது தலைமைக்குத் தகுதி பெறுகிறது.

வகுப்பில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஐயா, முதல் புத்தகத்தின் தலைப்பில் இயந்திரம் என்றுதானே இருக்கிறது, ஜீனோ என்று ஏன் இல்லை?” பல முறை படித்த எனக்கு இது தோன்றவில்லை. முதல் தலைப்பு இனிமையாக அழைத்தாலும் பொருளாகவே அழைக்கிறது. இரண்டாம் தலைப்பு பெயர் சொல்லி அழைக்கிறது.

‘ரோபோ’ என்ற சொல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து உலகுக்கு வந்தது. அதன் மூலச்சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்று பொருள். இதை விளக்கியபோது என் அம்மாவழிப் பாட்டியை நினைத்துக்கொண்டேன். மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர். செக்ரோலில் அவர் ஓர் எண். பெயர் சொல்லி அழைத்தவர்கள் லயத்து மனிதர்கள் மட்டுமே. அவருக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது.

அந்த மாணவி வீட்டில் தமிழ் பேசுகிறாள். பள்ளியில் படிப்பது மலையாளம். நாவலை நான் வாசிக்கக் கேட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். பெரியவர்கள் வாசிக்காத வீட்டில் அவள் அடுத்த பக்கத்தை எப்படித் திருப்புவாள்? எல்லைப் பகுதியில் இரண்டு மாநிலக் கதைகளிலும் ஓரத்தில் வருகிற நாம், நம் கதையை நாமே படிக்க முடியாமல் போய்விடக் கூடாது. தினம் இரண்டு பக்கம் போதும். ஒரு பக்கம் நீங்கள், மறு பக்கம் பிள்ளை.

பயிற்சி:

1. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ: இப்பெயர்களில் எத்தனை எழுத்துகள்? எல்லாருக்கும் சிறு பெயரே என்ற நிலை அந்த ஆட்சியைப் பற்றி என்ன சொல்கிறது?

2. உங்களுக்குத் தெரிந்த கதை ஒன்றில் துணைப் பாத்திரத்தைத் தலைமையாக்கிப் பத்து வரி எழுதுக. அதன் ஆசை என்ன என்பதை முதல் வரியிலேயே சொல்லுக.

3. தாத்தா பாட்டியின் முழுப்பெயரைக் கேட்டுத் தமிழில் எழுதி வருக.