இரு களங்கள் கண்ட வீரர்

ஸ்ரீவராகத்துக் கோயில் குளக்கரையில் மாலை வேளைகளில் நடப்பது, இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கும் எங்கள் சிலருடைய வழக்கம். சென்ற மாதம் அவ்வாறு நடக்கையில் ஒரு வாதம் எழுந்தது. "ஆய்வுக்கூடமே கதியென்று கிடப்பவனுக்கு ஆட்டம் எதற்கு? ஒருவனால் ஒன்றைத்தான் உருப்படியாகச் செய்ய முடியும்" என்றார் நண்பர் ஒருவர். எம்.எஸ்ஸி. வகுப்பில் சேர்ந்த நாளன்றே ஹாக்கி மட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளியவன் நான். ஆதலால் அவருக்கு மறுமொழி கூற எனக்கு வாய் எழவில்லை. அதன் பின்னரே ஹரிபால் கௌசிக் என்னும் வீரரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதனை மன்றத்து நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

கௌசிக் 1934ஆம் ஆண்டு பஞ்சாபில், ஜலந்தரை அடுத்த குஸ்ரோபூரில் பிறந்தார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக் பந்தயத்தில் இந்திய ஹாக்கி அணியில் ஆடினார். அப்போது அவருக்கு வயது 22. இதை எழுதும் எனக்கு 23! அவ்வாண்டு இந்திய அணி 38 கோல்கள் போட்டது. ஒரு கோல்கூட வாங்கவில்லை. இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 1-0 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

பின்னர் நாம் அவரைக் காண்பது பனிமலையில். 1962ஆம் ஆண்டுச் சீனப் போரின்போது அவர் சீக்கியப் படைப்பிரிவின் முதற் பட்டாளத்தில் ஒரு கம்பெனிக்குத் தலைவர். இன்று அருணாசலப் பிரதேசம் எனப்படும் பகுதியில், தவாங்குக்கு வடக்கே, பும் லா கணவாயிலிருந்து இறங்கும் வழியை அக்கம்பெனி காத்து நின்றது. அக்கணவாய் 15,000 அடிக்கும் உயரமானது. அக்டோபர் 23ஆம் நாள் விடியற்காலையில் சீனப் படை பாய்ந்தது. கௌசிக்கின் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் ஜோகிந்தர் சிங்கின் சிறு படையை மூன்று அலைகளாகத் தாக்கினர். ஒவ்வோர் அலையிலும் ஏறக்குறைய 200 பேர். தோட்டா தீர்ந்த பின்னும் துப்பாக்கி முனைக் கத்தியுடன் பாய்ந்தனர் நம்மவர். காயமுற்ற ஜோகிந்தர் சிங் சிறைப்பட்டு உயிர் நீத்தார். அவருக்குப் பரம வீர சக்கரமும், கௌசிக்குக்கு வீர சக்கரமும் வழங்கப்பெற்றன.

தம் வீரர்களைப் பறிகொடுத்த ஒருவர் மறுபடியும் மட்டையைத் தொடுவாரா? தொட்டார். 1964இல் டோக்கியோவுக்குச் சென்ற அணியில் கௌசிக் இருந்தார். தமிழகத்து வி. ஜே. பீட்டரும் அவ்வணியில் ஆடினார். கோல் காத்த சங்கர் லட்சுமணும் இராணுவத்தவரே. 1960இல் ரோம் நகரில் பாகிஸ்தானிடம் இழந்த தங்கத்தை, மொகிந்தர் லால் அடித்த ஒரே கோலால் இந்தியா மீட்டது. அந்த இறுதி ஆட்டம் நடந்த நாளும் அக்டோபர் 23! போர்க்களத்தில் நின்ற நாளுக்குச் சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, அவர் பதக்க மேடையில் நின்றார்.

ஆட்டமே அவரை வீரராக்கியது என்று சொல்லிவிடலாமா? விஞ்ஞான மாணவன் அவ்வளவு விரைவில் முடிவு கட்டலாகாது. ஒருவர் வாழ்க்கையைக் கொண்டு விதி வகுக்க இயலாது. அன்று மலையில் போரிட்டு மடிந்தவர்களுள் பலர் ஒலிம்பிக் மைதானத்தைக் கண்டவரல்லர். அவர்தம் வீரம் குறைந்ததும் அன்று. ஆனால் "ஒருவனால் ஒன்றே முடியும்" என்னும் கூற்றை மறுக்க ஓர் எதிர்ச்சான்று போதும். ஏன், நம் கேரளத்திலேயே இன்னொரு சான்று உண்டு. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் ஓடிய கண்ணூர் சி. கே. லட்சுமணன், பிற்காலத்தில் இராணுவ மருத்துவராக மேஜர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தார்.

இரண்டு தங்கம் பெற்ற கௌசிக்குக்கு அர்ஜுனா விருது 1998இல்தான் கிட்டியது. டோக்கியோ வெற்றிக்குப் பின் 34 ஆண்டுகள்! லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்ற அவர் 2018இல் மறைந்தார். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? புகழுக்காக மட்டும் ஒன்றைச் செய்பவர் இத்தனை காலம் பொறுத்திருப்பாரா?

குளக்கரை நண்பருக்கு இதுவே என் மறுமொழி. கட்டிலுக்கடியில் கிடந்த மட்டையைத் தூசி தட்டி எடுத்துவிட்டேன். ஞாயிறு காலை ஆட வருவதாக இதுவரை நால்வர் இசைந்துள்ளனர். ஓர் அணிக்குப் பதினொருவர் வேண்டும். நண்பர்களே, வருவீர்களா?