செவ்வாயில் தடுமாறிய கணினி

மாணவர் ஒருவர் கைப்பேசியில் பாடல் கேட்டபடியே நண்பருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார். அதே வேளையில் ஒரு காணொளியும் பதிவிறக்கமாகிறது. எல்லாம் ஒன்றாக நடப்பதுபோல் தோன்றும். உண்மையில், நுண்செயலியில் உள்ள ‘கோர்’ எனப்படும் ஒவ்வொரு பகுதியும் பொதுவாக ஒரு கணத்தில் ஒரு பணியையே செய்யும். எட்டுக் கோர்கள் இருந்தாலும், காத்திருக்கும் பணிகள் நூற்றுக்கணக்கானவை. எனவே, இயங்குதளம் அவற்றை வரிசைப்படுத்தி, மிக விரைவாக மாற்றி மாற்றி இயக்குகிறது. அவசரப் பணிகளுக்கு முன்னுரிமை அளிக்கிறது. ஆனால், முன்னுரிமை மட்டும் போதுமா?

1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாய்க் கோளில் தரையிறங்கியது. சில நாள்களில் அதன் கணினி திடீர் திடீரென்று தானாகவே மறுதொடக்கம் செய்துகொண்டது. அப்போதெல்லாம் அன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. நேரில் சென்று பழுதுபார்க்க வழியில்லை. ஆகவே, பொறியாளர்கள் பூமியில் இருந்த மாதிரிக் கணினியில் அதே கோளாற்றை வரவழைத்துக் காரணத்தைத் தேடினர்.

அக்கலத்தில் வானிலைத் தகவல் திரட்டும் பணிக்கு முன்னுரிமை குறைவு; தகவல் போக்குவரத்தை மேற்பார்வையிடும் பணிக்கு முன்னுரிமை மிக அதிகம். இரண்டும் ஒரே ‘பூட்டை’ப் பயன்படுத்தின. பூட்டு ஒன்றிடம் இருக்கும்போது மற்றொன்று காத்திருக்க வேண்டும். ஒரு சமயம் வானிலைப் பணியிடம் பூட்டு இருந்தது. அப்போது இடைநிலை முன்னுரிமை கொண்ட வேறு பணிகள் குறுக்கிட்டு நுண்செயலியைப் பிடித்துக்கொண்டன. வானிலைப் பணியால் வேலையை முடித்துப் பூட்டை விடுவிக்க இயலவில்லை. அதனால், மிக முக்கியமான பணியும் முடங்கியது. அது உரிய நேரத்தில் முடியாததைக் கண்ட பாதுகாப்பு ஏற்பாடு, கணினியை மறுதொடக்கம் செய்தது.

இதற்குத் தீர்வு எளியது. பூட்டை வைத்திருக்கும் சிறிய பணிக்கு, அதற்காகக் காத்திருக்கும் பெரிய பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்க வேண்டும். இவ்வசதி அந்த இயங்குதளத்தில் ஏற்கெனவே இருந்தது. ஆனால், அந்தப் பூட்டுக்கு அது செயல்படுத்தப்படவில்லை. பொறியாளர்கள் பூமியிலிருந்தே அத்திருத்தத்தை அனுப்பினர். கோளாறு நீங்கியது. ஒரு மாதம் இயங்கினால் போதுமெனத் திட்டமிடப்பட்ட கலம், செப்டம்பர் இறுதிவரை தகவல் அனுப்பியது.

இன்று பல கோர்கள் கொண்ட கணினிகளிலும் இம்முறை பயன்படுகிறது. பெரிய பணி நிறைவேற, அதற்கு வழிவிட வேண்டிய சிறிய பணி முதலில் முடிய வேண்டும் என்பதை இயங்குதளத்தை வடிவமைப்போர் மறப்பதில்லை.