ஏன் முன்பே வரவில்லை?

ஹட் பேயில் கப்பல் வந்த நாள். கடைத்தெருவில் கூட்டம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஒரு டீக்கடையில் பத்து வயதுப் பையன் கிளாஸ் கழுவுகிறான் என்று வைத்துக்கொள்வோம். நாம் என்ன செய்வோம்? "பாவம், அவன் தலையெழுத்து" என்று போய்விடுவோமா?

மத்தியப் பிரதேசத்தில் விதிஷா என்று ஓர் ஊர். அங்கே ஒரு சிறுவனால் அப்படிப் போக முடியவில்லை. அன்று அவனுக்குப் பள்ளியில் முதல் நாள். பள்ளி வாசலில் இன்னொரு சிறுவன் உட்கார்ந்து செருப்புத் தைத்தான். இருவருக்கும் ஒரே வயது. "அவன் ஏன் பள்ளிக்கு வரவில்லை?" என்று ஆசிரியரைக் கேட்டான். பதில் இல்லை. பிறகு ஒரு நாள் அந்தப் பையனின் அப்பாவையே கேட்டான். "நாங்கள் உழைக்கவே பிறந்தவர்கள்" என்றார் அவர். அந்தப் பதில் சிறுவனுக்குக் கோபத்தைத் தந்தது.

அந்தச் சிறுவன்தான் கைலாஷ் சத்யார்த்தி. 1980இல் குழந்தைகளை மீட்க ஓர் இயக்கம் தொடங்கினார். 2014இல் அவருக்கும் பாகிஸ்தானின் மலாலாவுக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. டிசம்பர் 10 அன்று நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் அவர் பேசினார். எப்படிப் பேசினார்?

1. கதை சொன்னார். செருப்புத் தைத்த சிறுவனைப் பற்றிச் சொன்னார். எண்ணிக்கை மறந்துபோகும். ஒரு குழந்தையின் முகம் மறக்காது.

2. கேள்வி கேட்க வைத்தார். கல்குவாரியிலிருந்து மீட்ட 8 வயதுச் சிறுமி அவரிடம், "ஏன் முன்பே வரவில்லை?" என்று கேட்டாளாம். அதை அவர் சபையில் சொன்னார். கேட்டவர் ஒவ்வொருவரையும் அது குத்தியது போலிருக்கும்.

3. சாக்குப்போக்கை உடைத்தார். பணம் இல்லையா? உலக நாடுகள் ராணுவத்துக்கு ஒரு வாரம் செலவிடும் பணம் போதும், எல்லாக் குழந்தைகளும் படிக்கலாம் என்றார்.

4. வழி காட்டினார். காடு எரிகிறது. சிங்கம்கூட ஓடுகிறது. ஒரு சின்னப் பறவை மட்டும் அலகில் ஒரு துளி நீர் கொண்டுவருகிறது. "என்னால் முடிந்ததைச் செய்கிறேன்" என்கிறது. இந்தக் கதையையும் சொன்னார். நாமும் ஒரு துளி கொண்டுவரலாம் அல்லவா?

இப்போது நம் டீக்கடைக்கு வருவோம். பையனின் அப்பா கூலி வேலை செய்பவர். அவரைத் திட்டினால் அவர் காது கொடுப்பாரா? பக்கத்து வீட்டு அக்கா இப்படிப் பேசலாம்:

"தம்பி, உன் கஷ்டம் எனக்குத் தெரியும். நாம் கைநாட்டு வைத்த காலத்தில் எத்தனை பேர் நம்மை ஏமாற்றினார்கள்! உன் மகனுக்கும் அதே நிலை வேண்டுமா? வா, நாளைக்கு நானும் பள்ளிக்கு வருகிறேன்."

தெரிந்துகொள்ளுங்கள்: 14 வயது ஆகாத பிள்ளையைக் கடையில் கூலிக்கு வைப்பது குற்றம். 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி பெறுவது பிள்ளைகளின் உரிமை. உதவிக்கு 1098 என்ற எண்ணைக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை.

பேசிப் பாருங்கள்: அக்காவின் பேச்சில் கேள்வி எது? வழி எது? நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? நான்கு வரி எழுதுங்கள்.