மூச்சு விட இடம்

டெல்லி ஜனக்புரியில் ஒரு கோயில் மண்டபம். நான் அப்போது கல்லூரி மாணவன்; மிருதங்கம் வாசிக்க உட்கார்ந்திருந்தேன். பாடிய மாமி தீட்சிதரின் 'அக்ஷயலிங்க விபோ'வை எடுத்தார். சங்கராபரணம், மிஸ்ர சாபு. நிதானமாக நகரும் கிருதி. ஏழு எண்ணிக்கைத் தாளம் கிடைத்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. வரிக்கு வரி ஒரு கணக்கு, ஒரு தீர்மானம். முன்வரிசையில் தலைகள் ஆடின. முடிந்து மிருதங்கத்துக்கு உறை போடும்போது மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கணக்கெல்லாம் சரியாத்தான் வந்துது, கண்ணா. எனக்குத்தான் மூச்சு விட இடமே கிடைக்கலை."

மறுநாள் சாகித்தியத்தை நோட்டில் எழுதி, மிருதங்கத்தைத் தொடாமல், கையால் தாளம் போட்டுப் பாடிப் பழகினேன். சொல் எங்கே முடிகிறது, கார்வை, அதாவது ஸ்வரத்தின் நீட்டல், எங்கே நிற்கிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது. அனுபல்லவியின் கடைசியில் மத்தியம காலம் வருகிறது. வார்த்தைகள் இரட்டிப்பு வேகத்தில் அடுக்கடுக்காக விழும். அதுவரை நடை அடங்கியிருந்தால்தான் அந்த ஓட்டம் காதில் ஏறும். நானோ முதல் வரியிலேயே ஓடியிருந்தேன்.

என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன்: வாசிக்கப்போகும் கிருதியை வாய்விட்டுப் பாடிப் பார். கார்வை இடங்களைப் பென்சிலால் வட்டமிடு. அங்கே தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், ஒரு கும்கி போதும். கணக்குக்குத் தனி ஆவர்த்தனம் இருக்கிறது. டெல்லியின் வறண்ட காற்றில் தொப்பியில் அப்பிய ரவை சீக்கிரம் காயும். நாதம் குறையக் குறையக் கை தானாகப் பலமாக அடிக்கும், பாடுபவர் குரல் அமுங்கிப்போகும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஈரம் தொட்டுக்கொள்.

பாலக்காடு மணி ஐயர் (1912–1981) கச்சேரிக்கு மைக்கே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றவர். 1966-இல் சங்கீத கலாநிதி ஆனவர். லயத்தில் அவர் கைக்கு எட்டாதது என்ன இருந்தது? ஆனாலும் பாடகர் அரியக்குடிக்கு அவர் வாசித்த பதிவுகளைக் கேளுங்கள். சாகித்தியத்தின் கூடவே மிருதங்கமும் பாடிக்கொண்டு போகும். தனியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

போன டிசம்பரில் அதே மண்டபத்தில் என் மாணவன் ஒருவன் வாசித்தான். பல்லவி முடிந்தது. வலது கையை வலந்தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பாடியவர் முகத்தையே பார்த்திருந்தான். அவர் நிதானமாக மூச்சை இழுத்து அனுபல்லவியைத் தொட்டார்.