புதுக் கணினி: மலிவைவிட ஆயுளைப் பாருங்கள்

அம்பாங்கிலிருந்து எல்ஆர்டி ஏறி, ஹங் துவாவில் மோனோரயிலுக்கு மாறினால் அடுத்த நிலையம் இம்பி. கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசா பக்கத்தில்தான். அங்கே மலிவான மாடலைவிட, பல ஆண்டு உழைப்பதைத் தேடுவதே சிக்கனம். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது. ஆகவே வாங்கும்போதே 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி கேளுங்கள். கடிதம் தட்டவும் இணையம் பார்க்கவும் 8 ஜிபி போதாதா என்றால், இன்றைக்குப் போதும். ஆனால் மென்பொருள்கள் கனத்துக்கொண்டே போகின்றன. ரேம் மட்டுமல்ல, மற்ற வன்பொருளும் பழசாகிவிடும்: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத கணினிகள், நன்றாக ஓடியும் பின்தங்கின. கூடுதல் விலை உறுத்துகிறதா? ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சொந்தப் பயன்பாட்டுக் கணினி, புத்தகம், இணையக் கட்டணம் முதலியவற்றுக்குச் சேர்த்து 2,500 ரிங்கிட் வரை வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.